வந்த பிள்ளையும் வளர்க்கும் வீடும்



தத்துப் பிள்ளை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் எழுவது ஒரு தொட்டிலும் அதில் கிடக்கும் பச்சிளங் குழவியும்தான். பெயர்சூட்டு விழா, பாலாடை, கன்னத்தில் மைப்பொட்டு என்று எல்லாம் மங்கலமாகவே தோன்றும். ஆனால், இன்று நான் பேச எடுத்துக்கொண்டது தொட்டிலைத் தாண்டிவிட்ட பிள்ளைகளைப் பற்றி. ஆறு வயதிலோ எட்டு வயதிலோ பத்து வயதிலோ ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்து, அந்த வீட்டிலேயே மீசை அரும்பும் பருவத்தை எட்டுகின்ற பிள்ளைகள். அவர்களுடைய சினமும் மௌனமும். அவற்றைத் தாங்கும் வழி தெரியாமல் தவிக்கின்ற பெற்றோர். அந்தப் பெற்றோருக்குக் கைகொடுக்க நம் ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. இவைதாம் இன்றைய பொருள்.

திருவனந்தபுரத்துக்குத் தத்து புதிய செய்தியன்று. மருமக்கள் வழி மரபில் அரசுரிமை பெண்வழியே சென்றமையால், திருவிதாங்கூர் அரச குடும்பம் பெண் மக்களைத் தத்தெடுத்து வந்தது. 1900ஆம் ஆண்டில் சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய் என்ற இரு சிறுமியர் மாவேலிக்கரையிலிருந்து அவ்வாறு தத்தெடுக்கப்பட்டவர்கள். சேது லட்சுமி பாய் பின்னர் இந்நாட்டின் ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றார். நம் பக்கத்துக் குடும்பங்களிலோ கொள்ளி வைக்க ஒரு மகன் வேண்டும் என்பதற்காக அண்ணன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ சுவீகாரம் எடுப்பது வழக்கம். இரண்டு வழக்கங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. குடும்பத்துக்கு ஒரு பிள்ளை தேவை; ஆகவே ஒரு பிள்ளையைத் தேடினார்கள். பிள்ளைக்கு ஒரு குடும்பம் தேவை. ஆகவே ஒரு குடும்பத்தைத் தேடுவோம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது.

சட்டமும் மெல்ல மெல்ல அந்த எண்ணத்தை நோக்கி நடந்து வந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், வழக்கம் வேறாக இருந்தாலன்றி, பதினைந்து வயது நிறைந்த பிள்ளையைத் தத்தெடுக்க இடம் தரவில்லை. பிற சமயத்தார் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் காப்பாளர் ஆகலாமேயன்றிப் பெற்றோர் ஆக இயலாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. சிறார் நீதிச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006இல் திருத்தப்பட்டு, 2015இல் புதிதாக எழுதப்பட்ட பிறகு, எச்சமயத்தாரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையையும், அப்பிள்ளை தத்துக்கு உரியது என முறையாக அறிவிக்கப்பட்டிருந்தால், மகனாக அல்லது மகளாக ஏற்கலாம் என்றாயிற்று. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

வாயில் அகலத் திறந்திருக்கிறது. ஆனால், அவ்வாயிலின் வழியே வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள்? 2024-25ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,515 தத்துகள் நிகழ்ந்தன. அவற்றுள் 4,155 உள்நாட்டுத் தத்துகள். பல ஆண்டுகளில் காணாத உயர்வு அது. அதே காலத்தில் பிள்ளை வேண்டிப் பதிவு செய்துகொண்டு காத்திருந்தவர்கள் 30,000க்கும் மேற்பட்டவர்கள். இவர்களுள் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை. ஆகவே, ஒரு பக்கம் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, மறுபக்கம் எட்டு வயதும் பத்து வயதும் ஆன பிள்ளைகள் இல்லங்களில் காத்திருக்கின்றனர். மொழிபெயர்ப்பு என் தொழில். இத்துறையின் ஆங்கில விதிகளில் இத்தகைய பிள்ளைகளைக் குறிக்க ஒரு சொற்றொடர் உண்டு. இடம் கிடைத்தற்கரிய குழந்தைகள் என்று அதைத் தமிழாக்கலாம். அச்சொற்றொடரை எழுதும்போதெல்லாம், அருமை குழந்தையிடத்தில் உள்ளதா, இடம் தர வேண்டிய நம்மிடத்தில் உள்ளதா என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

தைக்காட்டில் மாநிலக் குழந்தைகள் நலக் குழு இயங்கி வருவதை நேயர்கள் அறிவீர்கள். பெற்றவர்கள் வளர்க்க இயலாத சிசுவை எவர் கண்ணிலும் படாமல் விட்டுச் செல்வதற்காக 2002ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அங்கே அம்மத்தொட்டில் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அதற்கு முந்தியது. தொட்டிலில் விடப்படும் குழந்தைக்கு ஒரு வீடு எளிதில் கிடைக்கும். குடியால் சீர்குலைந்த வீட்டிலிருந்தோ, தாய் இறந்து தந்தை துறந்த நிலையிலோ, ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் இல்லங்களுக்கு வந்து சேரும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் நினைவுகளோடு வருகிறார்கள்.

இனி, ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் நம் சாலைக் கடைத்தெருவிலேயே அந்த வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் குடும்பம். ஆனால், இதில் வரும் நிகழ்ச்சிகள் தத்தெடுத்த பெற்றோர் பலர் உலகெங்கும் சொல்லக் கேட்டவை. கணவர் பலசரக்கு மொத்த வியாபாரி, நாகர்கோவில் பக்கத்துக்காரர். மனைவி ஆசிரியை. ஏழு வயதில் வந்த மகனுக்கு இப்போது பதின்மூன்று. வந்த முதல் சில மாதங்கள் பையன் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. விருந்தாளி எப்படி ஒழுங்காக இருப்பானோ அப்படி இருந்தான். பிறகு, தலையணைக்கு அடியில் காய்ந்த சப்பாத்தியும் வாழைப்பழத் தோலும் அகப்பட்டன. பதினோராம் வயதில் கல்லாவில் சில்லறை குறைந்தது. பன்னிரண்டில் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தம்பானூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போது சிறு சொல்லுக்கும் கதவை அறைந்து சாத்துகிறான், தட்டை வீசுகிறான். “நீ என் அம்மா இல்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

கடைக்கு வரும் பழகிய ஒருவர் கேட்கிறார்: “அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன தலையெழுத்து? கொண்டுபோயி திரும்ப விட்டுட வேண்டியதுதானே?”

அண்ணாச்சிக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவரே இரவில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கேள்வியில்தான் ஒரு பிள்ளையின் வாழ்வும் இரண்டு பெரியவர்களின் நெஞ்சும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, இதற்கு நிதானமாக விடை தேடுவோம்.

பையன் ஏன் இப்படி நடக்கிறான்? வீட்டில் உணவுக்குக் குறையில்லை. அப்படியிருக்கச் சப்பாத்தியை ஒளிப்பானேன்? இளம்பருவத்தில் அடுத்த வேளைச் சோறு வருமா என்று தெரியாமல் வாழ்ந்த பிள்ளையின் உடல் அதை மறப்பதில்லை. மூளை ஒரு காவற்காரனைப் போன்றது. ஆபத்து மிகுந்த வீட்டில் பயின்ற காவற்காரன், அமைதியான வீட்டுக்கு வந்த பிறகும் சிறு ஓசைக்கெல்லாம் விழித்துக்கொள்கிறான். ஆசிரியரின் உரத்த குரல், அப்பா கதவைத் திறக்கும் ஓசை, யாரோ ஒருவரின் சாராய வாடை எதுவாயினும் பழைய அச்சத்தைக் கிளறிவிடும். அச்சம் பிள்ளைகளிடத்தில் பெரும்பாலும் அச்சமாக வெளிப்படுவதில்லை. சினமாகவும் பொய்யாகவும் ஓட்டமாகவும் வெளிப்படுகிறது.

இன்னொன்று. பலமுறை கைவிடப்பட்ட பிள்ளைக்கு அன்பே ஐயத்தைத் தருகிறது. “இவர்களும் ஒருநாள் என்னை விட்டுவிடத்தானே போகிறார்கள்? அது எப்போது என்று தெரியாமல் காத்திருப்பதைவிட நானே சோதித்துப் பார்த்துவிடுகிறேன்” என்று அதன் உள்மனம் கணக்கிடுகிறது. அதனால்தான் தன்னிடம் மிகுதியாக அன்பு காட்டுபவரையே, பெரும்பாலும் தாயையே, அது மிகுதியாகப் புண்படுத்துகிறது. வெளியார் கண்ணுக்குப் பையன் நல்லவன். வீட்டில் மட்டும் கொடியவன். இதைக் காணும் உற்றார், தாய்க்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டுகின்றனர். அந்தத் தாயின் தனிமையைச் சொல்லி முடியாது.

பதின்மூன்றாம் வயதில் இவற்றோடு வளரிளம் பருவமும் சேர்ந்துகொள்கிறது. நான் யார் என்ற கேள்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் எழுகின்ற ஒன்று. தத்துப் பிள்ளைக்கு அக்கேள்வி இரட்டைச் சுமை. என் மூக்கு யாருடைய மூக்கு? என்னை ஏன் விட்டார்கள்? என்னில் ஏதோ குறை இருந்ததாலா? இக்கேள்விகளை அவன் வாய்விட்டுக் கேட்பதில்லை. தட்டை வீசிக் கேட்கிறான்.

அறிஞர்கள் இதை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், உணவும் உறையுளும் போலவே ஒருவரோடு நிலையாக ஒட்டி வாழும் உறவும் குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று நிறுவினார். 1989இல் ருமேனியாவில் ஆட்சி வீழ்ந்தபின், அந்நாட்டின் இல்லங்களில் கொடும் புறக்கணிப்பில் கிடந்த குழந்தைகளை மேலைநாட்டார் தத்தெடுத்தனர். அவ்வாறு இங்கிலாந்துக்கு வந்த 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல அறிஞரும் அவர் குழுவினரும் ஆண்டாண்டாகத் தொடர்ந்து கவனித்தனர். ஆறு மாதம் நிறையுமுன் மீட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளுக்கு இணையாகத் தேறினர். அதற்கு மேலும் அங்கே வாடியவர்களில் பலருக்குச் சிக்கல்கள் வயதுவந்த பின்னும் நீடித்தன. ஆயினும், அவ்வாறு நெடுநாள் வாடியவர்களுள்ளும் ஒரு பகுதியினர் குறிப்பிடத்தக்க இடர் ஏதுமின்றி வளர்ந்தனர். இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. அன்பு ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புவது பிழை. வீணாகிப்போன பிள்ளை என்று கைகழுவுவது அதனினும் பெரும்பிழை.

சொற்களைக் குறித்தும் ஒரு சொல். அடங்காப்பிள்ளை, தறுதலை, திருட்டுப் பயல் என்று நம் மொழியில் பட்டங்களுக்குப் பஞ்சமில்லை. போதாக்குறைக்கு, “ரத்தம் எங்கே போகும்?” என்ற கேள்வி வேறு. ஒரு பட்டத்தைப் பத்து முறை கேட்ட பிள்ளை அதையே தன் பெயராக ஏற்றுக்கொண்டுவிடும். திருடன் என்பதற்கும் பணம் எடுத்தான் என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னது ஆளைச் சொல்கிறது. பின்னது செயலைச் சொல்கிறது. செயலைத் திருத்தலாம். பெயரிலும் அவ்வாறே. வளர்ந்த பிள்ளைக்குத் தன்னுடையது என்று இவ்வுலகில் எஞ்சியிருப்பது பலவேளைகளில் அதன் பெயர் ஒன்றுதான். எண்கணிதம் பார்த்தோ குலதெய்வத்தை எண்ணியோ அதை மாற்றுவதற்கு முன் அதனிடம் ஒரு வார்த்தை கேட்பது நலம்.

மொழியும் கவனத்துக்குரியது. இன்று தத்துப் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றாக, மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் வாயிலாக நடைபெறுகிறது. மலையாளம் மட்டும் அறிந்த பிள்ளை தமிழ் வீட்டுக்கு வரலாம். தமிழ்ப் பிள்ளை தெலுங்கு வீட்டுக்குப் போகலாம். மொழி மாறும்போது தாலாட்டும் திட்டும் சோற்றின் மணமும் மாறிவிடுகின்றன. பேச்சு புரியாத வீட்டில் ஒரு பிள்ளையின் முதற் சினம் பேச இயலாமையின் சினமே. இவ்வகையில் சாலைத் தமிழர்களுக்கு ஒரு பேறு உண்டு. கடையில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக இரு மொழியிலும் புழங்கும் நமக்கு, இல்லத்திலிருந்து வரும் மலையாளப் பிள்ளையை அதன் மொழியிலேயே வரவேற்க முடியும். அவன் அச்சன் என்றே அழைக்கட்டும். அப்பா என்று தானாக வரும்வரை காத்திருக்கலாம்.

இனி வீட்டில் செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்கிறேன். உணவை ஒளிக்கும் பிள்ளையைக் கண்டிப்பதால் பயனில்லை. அவன் பெயர் எழுதிய ஒரு டின்னில் முறுக்கும் பிஸ்கட்டும் போட்டு, எந்த நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவன் அறையிலேயே வைத்துவிட்டால், நாளடைவில் டின் நிறைந்தே இருக்கக் காணலாம். கல்லாவில் பணம் எடுத்தால் ஊரறியப் பேசுவது கூடாது. எடுத்ததைக் கடையில் சிறு வேலை செய்து ஈடுகட்டச் செய்வது தகும். எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் மூன்றும் நாள்தோறும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அடுத்து நடக்கப்போவது இன்னதென்று தெரிந்திருப்பதே அவனுடைய காவற்காரனுக்கு உறக்கம் தரும் மருந்து. பிறந்த கதையை மறைத்தல் ஆகாது. அவன் வந்த இல்லம், அங்கே இருந்த சேச்சி, வந்த நாளில் உடுத்திருந்த சட்டை இவற்றின் படங்களும் குறிப்புகளும் அடங்கிய ஓர் ஏட்டை அவனோடு சேர்ந்து எழுதி வைக்கலாம்.

அடியாத மாடு படியாது என்ற பழமொழியை இங்கே சிலர் நினைவூட்டுவார்கள். மாட்டுக்கே அது பொருந்துமா என்பது ஐயம். அடிபட்டு அடிபட்டு வந்த பிள்ளைக்கு அடி ஒரு புதிய பாடத்தையும் கற்பிப்பதில்லை. உலகம் பழைய உலகமே என்று உறுதி செய்கிறது. அப்படியானால் பெற்றோர் பணிந்து போவதா? அதுவும் இல்லை. ஹைம் ஓமர் என்ற இஸ்ரேலிய உளநூல் அறிஞர் ஒரு வழி வகுத்திருக்கிறார். அதன் வேர் நம் நாட்டில் உள்ளது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. காந்தியடிகளின் அறப்போர் முறையை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். வன்முறையில் இறங்கும் பிள்ளையிடம் பெற்றோர் திருப்பித் தாக்குவதும் இல்லை, அடிபணிவதும் இல்லை. “இதை நாங்கள் இனி ஏற்கமாட்டோம், உன்னை விட்டு விலகவும் மாட்டோம்” என்று அமைதியாக அறிவிக்கின்றனர். சினம் தணிந்தபின் அவன் அறையில் சென்று வாளாவிருந்து, அவனே ஒரு தீர்வு சொல்லும்படி காத்திருக்கின்றனர். வீட்டில் நடப்பதை மறைக்காமல் மாமா, பெரியப்பா, ஆசிரியர் என்று நம்பத்தகுந்த சிலரிடம் சொல்லித் துணை சேர்க்கின்றனர். இரும்பு காயும்போதே தட்ட வேண்டும் என்பது நம் பட்டறை வழக்கு. பிள்ளை வளர்ப்பில் இரும்பு ஆறட்டும் என்று காத்திருப்பதே அறிவு என்பது இம்முறையின் சாரம்.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், சாகப்போவதாகச் சொல்லுதல், போதைப் பழக்கம், பல நாள் உறக்கமின்மை, தீ வைத்தல், பிறரை ஆயுதத்தால் தாக்க முயலுதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நம் நகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. அதே வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் உண்டு. ஊளம்பாறையில் 1870இல் தோன்றிய மனநல மருத்துவமனை உண்டு. ஊளம்பாறை என்ற பெயரைக் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அக்கேலியால் சிகிச்சைக்குப் போகாமலே துன்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ! நள்ளிரவில் ஆலோசனை வேண்டுமாயின் 14416 என்ற எண்ணில், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் தொலைபேசி மனநலச் சேவை கிடைக்கும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்கு இடர் நேர்ந்தாலும், பிள்ளை வீட்டை விட்டு ஓடினாலும் 1098 என்ற எண் எந்நேரமும் உண்டு.

தத்துக் குடும்பங்களுக்கென்றே அமைந்த உதவி எது? விதிகள் இதை அடியோடு மறந்துவிடவில்லை. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய பின் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தத்து நிறுவனத்தின் சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இணக்கக் குறைவு தோன்றினால் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு. குழந்தைகள் நலக் குழு உண்டு. 2025 ஜூலையில் மத்திய ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதி, தத்துக்கு முன்னும் தத்தின் போதும் தத்துக்குப் பின்னும் தகுதியுள்ள ஆலோசகர்களைக் கொண்டு உளவியல் துணை வழங்க வேண்டும் என்று வற்புறுத்தியது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில், இடருற்ற குழந்தைகளோடு பணியாற்றுவோருக்குப் பயிற்சியளிக்கச் சம்வாத் என்ற பிரிவு 2020 முதல் இயங்கி வருகிறது.

ஆனால், நேயர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். ஏழு வயதில் வந்த பிள்ளைக்கு இரண்டு ஆண்டுத் தொடர் கண்காணிப்பு ஒன்பது வயதில் முடிந்துவிடுகிறது. புயல் வீசுவதோ பதின்மூன்றில். கடைசி அறிக்கையில், பிள்ளை நலமாக உள்ளது என்று எழுதிக் கோப்பை மூடிய பிறகு, நான்கு ஆண்டு கழித்துத் தாய் யாரிடம் போவாள்? பழைய சமூகப் பணியாளர் மாறியிருப்பார். மேலும், அந்த அலுவலகத்துக்குப் போனால் நம்மைத் தகுதியற்ற பெற்றோர் என்று எழுதிவிடுவார்களோ, பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சமும் அவளுக்கு உண்டு. கண்காணிப்பவரும் துணைநிற்பவரும் ஒருவராகவே இருப்பதால் வரும் அச்சம் இது. எனவே, தத்துக்குப் பிந்திய ஆலோசனை, அறிக்கை எழுதும் கடமையிலிருந்து பிரிந்து, பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை கேட்டபோது கிடைப்பதாக இருத்தல் வேண்டும்.

இது கைக்கெட்டாத ஆசையன்று. இங்கிலாந்தில் தத்துக் குடும்பங்களின் உளவியல் சிகிச்சைக்கென்றே 2015இல் அரசு ஒரு நிதியை ஏற்படுத்தியது. 2025இல் அதன் ஆண்டு உச்சவரம்பைப் பிள்ளை ஒன்றுக்கு 5,000 பவுனிலிருந்து 3,000 பவுனாகக் குறைத்தபோது, பெற்றோர் ஒன்றுதிரண்டு குரல் எழுப்பினர். நிதி போதாது என்று வாதிட அங்கே முதலில் ஒரு நிதி இருக்கிறது என்பதையும், பெற்றோருக்கு ஓர் அமைப்பு இருக்கிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும் பெங்களூரில் சுதத்தா என்ற பெயரில் தத்துக் குடும்பங்கள் கூடிப் பேசுகின்றன. என் பிள்ளையும் இப்படித்தான் செய்தான் என்று இன்னொரு தாய் சொல்லக் கேட்பது தரும் ஆறுதலை எந்த ஆலோசகராலும் தர இயலாது. திருவனந்தபுரத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை, பத்துக் குடும்பங்கள் ஓரிடத்தில் கூடுவதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. ஒரு பள்ளி அறையும் ஒரு பானைத் தேநீரும் போதும்.

பெற்றோருக்கு ஓய்வும் வேண்டும். கேரளத்தில், இல்லத்துப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் குடும்பங்களோடு தங்கவைக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதே எண்ணத்தைத் தத்துக் குடும்பங்களுக்கும் விரிக்கலாம். களைத்துப்போன தாய்க்கு மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்க, பிள்ளை நம்பும் ஒரு சித்தியோ அண்டை வீட்டாரோ அவனை அழைத்து வைத்துக்கொள்வது பெரிய உதவி. ஆனால், அனுப்பும்போது திரும்பி அழைத்துவரும் நாளை அவன் கண்முன் நாட்காட்டியில் வட்டமிட்டுக் காட்ட வேண்டும்.

இங்கே நம் கடைத்தெருவுக்கு ஒரு பங்கு உண்டு. ராஜா கேசவதாஸ் என்ற திவான் வகுத்த இந்தச் சாலை, தலைமுறைகளாக எங்கெங்கிருந்தோ வந்தவர்களை ஏற்று வாழவைத்த தெரு. இத்தெருவையே தம் கதைகளின் உலகமாகக் கொண்டவர் ஆ. மாதவன் அவர்கள். அவருடைய புனலும் மணலும் என்ற நாவல், மனைவியின் முன்னைய மணத்துப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்து வளர்க்க நேர்ந்த ஓர் உழைப்பாளியின் உள்ளத்தில் வெறுப்பு எவ்வாறு கொஞ்சங்கொஞ்சமாகப் படிகிறது என்பதைக் காட்டுகிறது. அவன் கொடியவன் அல்லன். தன் மனத்தைப் பற்றிப் பேச அவனுக்கு ஒருவரும் இல்லை. தன் வயிற்றில் பிறக்காத பிள்ளையோடு வாழும் வீடுகளில் இத்தகைய கசப்பு எழுவது இயற்கை என்று எவரேனும் முன்கூட்டியே சொல்லி, அதைக் கரைக்கும் வழியும் காட்டினால், பல வீடுகள் முறியாமல் நிற்கும்.

முறிவு என்றேன். தத்து ஆணைக்கு முன் ஏற்படும் முறிவுக்கும் பின் ஏற்படும் கலைப்புக்கும் விதிகளில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆணை பிறந்த பின்னர்ப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் முற்றிலும் அக்குடும்பத்தின் பிள்ளையே. 1956ஆம் ஆண்டுச் சட்டமோ, முறைப்படி நிகழ்ந்த தத்தை ரத்துசெய்ய இயலாது என்றே கூறிவிடுகிறது. திரும்ப விட்டுவிடு என்று கடை வாசலில் நின்று சொல்வது எளிது. திரும்ப எங்கே? அவன் விட்டுவந்த கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்திருக்கும். இரண்டாம் முறை விடப்பட்ட பிள்ளையை மூன்றாவது வீடு ஏற்பது மிக அரிது. அதை அந்தப் பிள்ளை நம்புவது அதனினும் அரிது.

அதே வேளையில், தாங்க முடியாமல் தத்தளிக்கும் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் தகாது. அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “உங்களுக்கு என்ன துணை கிடைத்தது?” இல்லை என்பதே விடையானால், குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே, நேயர்களுக்கு என் வேண்டுகோள் சில. வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுக்க எண்ணுவோர், இல்லத்தில் அப்பிள்ளையோடு பலமுறை பழகி, அதன் குறிப்பேட்டில் உள்ளதை முழுதும் கேட்டறிந்து, தொல்லை வருமுன்பே ஓர் ஆலோசகரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்கள், வகுப்பில் குலமரம் வரைந்து வரச் சொல்லுமுன் ஒரு கணம் சிந்தியுங்கள்; அந்த வகுப்பில் வேர் தெரியாத பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். உற்றாரும் அண்டை அயலாரும், ரத்தத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, ஒரு மாலைப்பொழுது அந்தப் பையனைப் பந்து விளையாடவோ கடையில் கணக்குப் பார்க்கவோ அழைத்துக்கொள்ளுங்கள்.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பர் பெரியோர். தோள் அளவு வளர்ந்த பிறகே வீட்டுக்கு வந்த பிள்ளையும் உண்டு. முதலில் தோழனாக்கிப் பின்னர் மகனாக்கிக்கொள்ளும் வழியும் நல்ல வழியே. அதற்குக் காலம் பிடிக்கும். அக்காலம் முழுவதும் அந்த வீட்டுக்குத் துணையாக நிற்பது ஊரின் கடமை.